களத்தில் நின்றவர் மேசைக்கு வந்த கதை: வெய்ன் எம்ப்ரியும் நாமும்



உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் திருவிழாக் காலத்தில் ஒட்டப்படும் கபடிப் போட்டி நோட்டீஸ்களைக் கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். களத்தில் இறங்கும் அணிகளில் நம் காலனிப் பையன்கள் இருப்பார்கள். நோட்டீசின் மேல்பாதியில் தலைமை, முன்னிலை, பரிசு வழங்குபவர், விழாக்குழு என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அந்த வரிசையில் நம் தெருப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இதே கணக்கை ஓசூர்க் கம்பெனிகளிலும் போடலாம். லைனில் நிற்பவர் யார், காண்ட்ராக்ட்டில் வருபவர் யார்? இன்டர்வியூ எடுப்பவர் யார், யாரை நிரந்தரம் செய்வது என்று கையெழுத்துப் போடுபவர் யார்?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தக் கேள்வியை விளையாட்டுத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அங்கே முதலில் பதிலைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் வெய்ன் எம்ப்ரி. 11 பருவங்கள் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடி ஓய்வுபெற்றவர். 1972 மார்ச்சில் மில்வாக்கி பக்ஸ் அணியின் பொதுமேலாளர் ஆனார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு அணிகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். மைக்கேல் ஜோர்டானைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாது. இவருடைய வேலை தொலைக்காட்சியில் தெரிகிற வேலை இல்லை என்பதே காரணம். ஆனால் நமக்குப் பாடம் இருப்பது இவருடைய வரலாற்றில்தான்.

யாருடைய ஆட்டம்?

கூடைப்பந்து 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்கள் அறைக்குள்ளேயே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்பதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கியது. அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துத் தமிழ்நாடு முழுவதும் போன பி.டி. மாஸ்டர்கள் பலர். அரசுப் பள்ளி மைதானத்தில் துருப்பிடித்த வளையத்தோடு ஒரு கம்பம் நிற்கிறது என்றால் அதன் வேர் அந்த ஒய்.எம்.சி.ஏ. பள்ளிவரை போகும்.

ஒரு பந்து, ஒரு வளையம், கொஞ்சம் இடம் இருந்தால் போதும் என்பதால் ஏழைகள் நிறைந்த நகரப் பகுதிகளில் இந்த ஆட்டம் வேகமாகப் பரவியது. ஆனால் பணம் புழங்கும் இடத்துக்கு வந்ததும் கதவு அடைபட்டது. இன்றைய என்.பி.ஏ.வின் தொடக்கம் 1946. முதல் நான்கு பருவங்களில் அதில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. 1950இல்தான் சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், ஏர்ல் லாயிட் ஆகியோர் நுழைந்தார்கள். அவர்களில் முதலில் களமிறங்கியவர் லாயிட், 1950 அக்டோபர் 31 அன்று. அதற்குப் பிறகும் ஓர் அணிக்கு இத்தனை கறுப்பர் போதும் என்ற எழுதப்படாத வரம்பு நீண்ட நாள் இருந்தது. நம் ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. எழுதப்படாத சட்டம் எப்படி எழுதப்பட்ட சட்டத்தைவிடக் கெட்டியாக நிற்கும் என்பதை நாம் டீக்கடையிலேயே கற்றவர்கள்.

ஒஹையோவின் பையன்

வெய்ன் எம்ப்ரி 1937 மார்ச் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். கூடைப்பந்து பிறந்த ஊரும் இதே பெயர்தான், மாநிலம்தான் வேறு. நியூ கார்லைல் அருகே டெகும்சே உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பின மாணவர். வகுப்பில் தனியாக இருப்பது என்றால் என்ன என்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன நம் தோழர்களுக்குத் தெரியும்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் எம்ப்ரி ஒஹையோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 6 அடி 8 அங்குல உயரம், அதற்கேற்ற உடம்பு. எதிரணிக்காரர் இவரைத் தாண்டிப் போக முடியாது என்பதால் பிற்காலத்தில் இவருக்குச் 'சுவர்' என்று பட்டப்பெயர் வந்தது. 1958இல் பட்டம் பெற்று வெளியே வந்ததும் சின்சினாட்டி ராயல்ஸ் அணியில் சேர்ந்தார். 1961 முதல் 1965 வரை ஐந்து முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அவருடைய அணித் தோழர் ஆஸ்கார் ராபர்ட்சன், அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர்.

எம்ப்ரியின் முதல் பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 1959 ஜனவரியில் மேற்கு வர்ஜினியாவின் சார்ல்ஸ்டன் நகரில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கும் சின்சினாட்டிக்கும் ஆட்டம். லேக்கர்ஸ் அணியின் கறுப்பின வீரர்களுக்கு ஓட்டலில் அறை தர மறுத்தார்கள். அந்த அணியின் இளம் நட்சத்திரம் எல்ஜின் பெய்லர் அன்று களமிறங்க மறுத்தார். என் ஆட்டத்தைப் பார்க்கக் காசு கொடுப்பீர்கள், எனக்குப் படுக்க இடம் கொடுக்க மாட்டீர்கள் என்றால் எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம் என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்பதைச் சாதியும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உடை மாற்றும் அறையில் ஒரு வேலைநிறுத்தம்

1964 ஜனவரி 14, போஸ்டன். நட்சத்திர ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தது. உடை மாற்றும் அறையில் இருந்த வீரர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். ஓய்வூதியத் திட்டம் வேண்டும், வீரர்கள் சங்கத்தை முதலாளிகள் மதித்துப் பேச வேண்டும் என்பது கோரிக்கை. பில் ரஸல், ஆஸ்கார் ராபர்ட்சன், எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட் என்று கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே உள்ளே இருந்தார்கள். எம்ப்ரியும் இருந்தார். வெளியே வராவிட்டால் உன் கதை முடிந்தது என்று ஓர் அணி முதலாளி தன் வீரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். யாரும் அசையவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க முதலாளிகளின் பிடி தளர்ந்தது. ஓய்வூதியத்துக்கு லீக் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது.

ஓசூர் தொழிற்பேட்டையில் சங்கம் வைக்க முயன்ற யாருக்கும் இந்தக் காட்சி புரியும். எந்த நேரத்தில் உற்பத்தி நின்றால் முதலாளிக்கு வலிக்கும் என்று தெரிந்திருப்பது தொழிலாளியின் அறிவு. அடுத்த ஆண்டே ஆஸ்கார் ராபர்ட்சன் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். ஒரு வீரரை ஒரே அணியோடு கட்டிப்போட்ட ஒப்பந்த முறையை எதிர்த்து 1970இல் அவர் பெயரில் வழக்கு தொடரப்பட்டது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டு அந்தக் கட்டு தளர்ந்தது. இன்று என்.பி.ஏ. வீரர்கள் வாங்கும் கோடிகளுக்குப் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது.

எம்ப்ரியின் வீட்டில் இன்னொரு போராளி இருந்தார். அவர் மனைவி டெரி. 1965இல் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் அலபாமாவின் செல்மாவில் இருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியில் டெரி போய் நடந்தார். பிற்காலத்தில், 2021இல், மயாமி பல்கலைக்கழகம் எம்ப்ரிக்குச் சிலை வைத்தபோது டெரியையும் சேர்த்தே வடித்தது. நம் இயக்கங்களின் வரலாற்றிலும் மேடையில் பேசியவரின் பெயர் இருக்கும், அவரைத் தாங்கி நின்ற, தானும் போராடிய பெண்ணின் பெயர் இருக்காது. இதையும் கவனியுங்கள்.

1966இல் எம்ப்ரி ஆட்டத்தைவிட்டு ஒதுங்க நினைத்தார். அப்போதுதான் பில் ரஸல் போஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டிருந்தார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர், அதே நேரம் அணியில் ஆடிக்கொண்டும் இருந்தவர். ரஸல் பேசி எம்ப்ரியைப் போஸ்டனுக்கு அழைத்துக்கொண்டார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் ஃபிலடெல்ஃபியா அணியோடு செல்டிக்ஸ் ஆட வேண்டிய முக்கிய ஆட்டம். ஆடுவதா வேண்டாமா என்று வீரர்கள் குழம்பித் தவித்தார்கள். கடைசியில் ஆடினார்கள். கிங்கின் இறுதி ஊர்வலம் முடிந்த பிறகே அடுத்த ஆட்டம் நடந்தது. அந்தப் பருவத்தில் செல்டிக்ஸ் கோப்பையை வென்றது. வீரராக எம்ப்ரிக்குக் கிடைத்த ஒரே கோப்பை அது.

அடுத்த பருவம் புதிதாகத் தொடங்கிய மில்வாக்கி பக்ஸ் அணியில் ஆடி, 1969இல் ஓய்வுபெற்றார். ஆட்டத்துக்குச் சராசரியாக 12.5 புள்ளிகள், 9.1 ரீபவுண்டுகள் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்கு. ஆனால் அவர் பெயர் வரலாற்றில் நிற்பது அந்தக் கணக்கால் இல்லை.

1972: நாற்காலி

அணியின் பொதுமேலாளர் என்ன செய்கிறார்? எந்த வீரரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பயிற்சியாளராக யார் என்பதை எல்லாம் முடிவு செய்கிறார். சுருக்கமாகச் சொன்னால் வேலை கொடுக்கிறவர் அவர். கறுப்பர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், ஆனால் கணக்குப் பார்த்துத் திட்டம் போட்டுப் பத்துப் பேரை நிர்வகிக்க மாட்டார்கள் என்பது அமெரிக்க விளையாட்டு உலகின் ஆழமான நம்பிக்கை. 'உடம்பு உழைக்கும், மூளை வேறு இடத்தில் இருக்கும்' என்ற அந்தப் பிரிவினைக்கு நம் நாட்டில் சாஸ்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு எம்ப்ரி போஸ்டன் நகராட்சியின் பொழுதுபோக்கு விளையாட்டுத் துறையில் பொறுப்பு வகித்தார். பின்னர் மில்வாக்கி நிர்வாகத்தில் சேர்ந்தார். 1970இல் அவருடைய பழைய தோழர் ஆஸ்கார் ராபர்ட்சன் மில்வாக்கிக்கு வந்ததில் எம்ப்ரிக்கும் பங்கு உண்டு. அங்கே ஏற்கெனவே லூ அல்சிண்டர் என்ற இளம் வீரர் இருந்தார். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவர்தான். 1971இல் அணி கோப்பை வென்றது. 1972 மார்ச்சில் எம்ப்ரி பொதுமேலாளர் ஆனார்.

அந்த 1972ஆம் ஆண்டை நாம் வேறு காரணத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறோம். அமெரிக்காவின் பிளாக் பாந்தர் இயக்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டு மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே ஆகியோர் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று, பேஸ்பால் ஆட்டத்தில் 1947இல் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் கடைசியாகப் பொதுமேடையில் தோன்றினார். தன்னைப் பாராட்டக் கூட்டிய கூட்டத்திலேயே, இந்த ஆட்டத்தில் ஒரு கறுப்பின மேலாளரையும் பார்க்க விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒன்பது நாட்களில் இறந்துபோனார். அவர் விரும்பியது 1975 பருவத்தில் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் மேலாளராகக் களமிறங்கியபோதுதான் பேஸ்பாலில் நடந்தது. நிறத்தடையை உடைத்து நுழைந்த நாளுக்கும் அணியை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்த நாளுக்கும் இடையே 28 ஆண்டுகள்.

நாற்காலியில் உட்கார்ந்த எம்ப்ரிக்கு வந்த பெரிய சோதனை கரீம். மில்வாக்கியில் இருக்க விருப்பமில்லை, நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டும் என்று 1974இல் கரீம் நிர்வாகத்திடம் சொன்னார். உலகின் மிகச் சிறந்த வீரர் போகிறார் என்றால் அணியே போனது மாதிரி. 1975 ஜூனில் கரீமை லேக்கர்ஸுக்கு அனுப்பி, ஜூனியர் பிரிட்ஜ்மேன், பிரையன் வின்டர்ஸ், டேவ் மேயர்ஸ், எல்மோர் ஸ்மித் என்று நால்வரை வாங்கினார் எம்ப்ரி. கரீமுக்கு ஈடு யாரும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் வந்த இளைஞர்களையும், 1976இல் எம்ப்ரி காலத்தில் பயிற்சியாளரான டான் நெல்சனையும் வைத்துத்தான் மில்வாக்கி மீண்டும் எழுந்தது. 1980 முதல் 1986 வரை தொடர்ந்து ஏழு முறை தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அந்த வெற்றிகள் வந்தபோது எம்ப்ரி அந்தப் பதவியில் இல்லை. 1977இல் பொதுமேலாளர் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போனது. மறுபடி ஓர் அணியின் பொதுமேலாளராக அவர் உட்கார்ந்தது 1986இல். இடையில் 9 ஆண்டுகள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்.

இரண்டாம் சுற்று

1987 ஏப்ரலில், ஜாக்கி ராபின்சன் நுழைந்ததன் 40ஆம் ஆண்டு நினைவாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது. ராபின்சன் ஆடிய அதே டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி ஆல் காம்பனிஸிடம், ஏன் கறுப்பின மேலாளர்கள் இல்லை என்று கேட்டார்கள். அதற்கு வேண்டிய சில தகுதிகள் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்று அவர் நேரலையில் சொன்னார். இரண்டு நாளில் பதவியை இழந்தார். அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை, அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்பதுதான் வித்தியாசம். 'தகுதி, திறமை' என்ற சொற்களை மண்டல் காலத்தில் இருந்து நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

அந்த நேரத்தில் எம்ப்ரி கிளீவ்லாந்து கவலியர்ஸ் அணியின் பொதுமேலாளர். 1985-86 பருவத்தில் 82 ஆட்டங்களில் 29 மட்டுமே வென்ற அணி அது. எம்ப்ரி வந்ததும் லென்னி வில்கென்ஸைப் பயிற்சியாளராக நியமித்தார். வில்கென்ஸும் கறுப்பினத்தவர், 1964 போஸ்டன் உடை மாற்றும் அறையில் உடன் இருந்தவர், சியாட்டில் அணிக்கு 1979இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பிராட் டாகர்ட்டி, மார்க் பிரைஸ் போன்ற இளைஞர்களை வைத்து 1988-89 பருவத்தில் கிளீவ்லாந்து 57 ஆட்டங்களை வென்றது. கோப்பைக்கான பாதையில் மைக்கேல் ஜோர்டான் நின்றார். 1989 மே 7 அன்று கடைசி நொடியில் ஜோர்டான் போட்ட புள்ளிகள் கிளீவ்லாந்தை வெளியேற்றின. இணையத்தில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தோற்ற அணியைக் கட்டியவர் யார் என்று இனி நினைத்துக்கொள்ளுங்கள்.

1992இலும் 1998இலும் ஆண்டின் சிறந்த நிர்வாகியாக எம்ப்ரி தேர்வானார். 1994இல் அணியின் தலைவர் பொறுப்பும் வந்தது. என்.பி.ஏ. அணியொன்றின் தலைவரான முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1999இல் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது, ஆட்டத்துக்காக இல்லாமல் நிர்வாகப் பங்களிப்புக்காக. 2004இல் டொரண்டோ ராப்டர்ஸ் அணிக்கு ஆலோசகராகப் போனார். அங்கே 2013இல் நைஜீரிய வேர் கொண்ட மசாய் உஜிரி நிர்வாகப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்குத் துணை நின்ற மூத்தவர் எம்ப்ரி. 2019இல் டொரண்டோ கோப்பை வென்றது.

நம்மிடம் ஒரு எம்ப்ரி இருந்தாரா?

இருந்திருக்க வேண்டியவர் பால்வாங்கர் பாலூ. 1876இல் பிறந்தவர், சமார் சாதியைச் சேர்ந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்தபடியே பந்துவீசிப் பழகினார். அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு மண் குவளை, பந்தலுக்கு வெளியே. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். இவ்வளவுக்கும் பிறகு இந்து அணியின் தலைவர் பொறுப்பு அவருக்குத் தரப்படவே இல்லை. 1920இல் அவர் தம்பிகள் எதிர்ப்புத் தெரிவித்து அணியைவிட்டு விலகினார்கள். அதன் பிறகு துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள். 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது, அதுவும் போராடியதால்.

பாலூவின் கதை அங்கே முடியவில்லை. இளம் அம்பேத்கர் அவரைக் கொண்டாடியவர். ஆனால் 1932இல் புனா ஒப்பந்தத்தின்போது பாலூ காந்தியின் பக்கம் சாய்ந்திருந்தார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலூ 11,225 வாக்குகள். மண் குவளையில் தேநீர் குடித்த ஒருவரை, மண் குவளையை உடைக்க வந்தவருக்கு எதிராக நிறுத்தினார்கள். பாலூவைத் திட்ட இதைச் சொல்லவில்லை. நம்மவர் ஒருவரை மேடையேற்றுவது யார், எதற்காக என்ற கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை எம்ப்ரியிடமும் கேட்க வேண்டும். அவரை நியமித்தவர்கள் வெள்ளை முதலாளிகள். அவர் கறுப்பின மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த நிர்வாகி. 1964இல் முதலாளிகளுக்கு எதிராக உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தவர், 1972க்குப் பிறகு முதலாளிகள் சார்பில் வீரர்களோடு சம்பளம் பேசினார். என்.பி.ஏ.வில் பெரும்பான்மைப் பங்கோடு ஒரு கறுப்பினத்தவர் அணி உரிமையாளர் ஆனது 2002 இறுதியில்தான், ராபர்ட் ஜான்சன் சார்லட் நகர அணியைப் பெற்றபோது. எம்ப்ரி நாற்காலிக்கு வந்து 30 ஆண்டுகள் கழித்து. பதவி ஒன்று, அதிகாரம் வேறொன்று என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

அப்படியானால் அந்த நாற்காலியால் பயனில்லையா? பயன் இருந்தது. ஒரு லென்னி வில்கென்ஸ் நியமிக்கப்பட்டார். தகுதி இல்லை என்ற பொய் எல்லோர் கண்ணெதிரே உடைந்தது. அடுத்து வந்தவர்கள் முதல் ஆளாக நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆஸ்கார் ராபர்ட்சனின் சங்கமும் வழக்கும் இல்லாமல், செல்மாவில் நடந்த டெரிகள் இல்லாமல், அந்த நாற்காலி தனியாக எதையும் செய்திருக்காது. மேசையில் ஒருவர், வெளியே ஆயிரம் பேர் என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் அசைந்தது.

இங்கே, இப்போது

2012இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் பெரிய 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. உறுப்பினர்களில் சுமார் 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். அரசு வேலையில் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு தர 1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. நுழைய இடம் கொடுத்தால் போதாது, மேலே ஏறவும் வழி வேண்டும் என்பதை அந்தத் திருத்தம் ஒப்புக்கொண்டது. தனியார் துறையில் நுழைவுக்கே இடஒதுக்கீடு இல்லை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று 2023இல் போராடினார்கள். அந்த நிலங்களில் கூலி வேலை செய்தவர்களில் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத நம் மக்கள் உண்டு. நிலத்துக்கு விலை பேசும் மேசையிலும் அவர்களுக்கு இடமில்லை, பிறகு எழும் கம்பெனியின் மேசையிலும் இடமில்லை.

விளையாட்டிலும் இதே நிலைதான். நம் மாநிலத்தில் நன்றாகக் கூடைப்பந்து ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். அது பெரிய விஷயம், ஒரு குடும்பமே கரையேறும். ஆனால் சங்கங்களை நடத்துவது, தேர்வுக்குழுவில் உட்கார்வது, பணத்தைப் பிரிப்பது எல்லாம் வேறு கைகளில். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், நிர்வாகக் குழுக்களில் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் தர வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். சாதிவாரி ஒதுக்கீடு அதில் இல்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்.

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். முதலாவது, எண்ணுங்கள். உங்கள் ஊர் விழாக்குழு, கல்லூரி விளையாட்டுக் குழு, நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஹெச்.ஆர்., சூப்பர்வைசர் வரிசை என்று எதையாவது ஒன்றை எடுத்து, முடிவு எடுப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று நோட்டில் எழுதுங்கள். கோபத்தைவிட எண்ணிக்கைக்குக் கூட்டத்தில் மதிப்பு அதிகம். இரண்டாவது, மேசை வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கு, தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் படிப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது. விளையாடுகிற பிள்ளைகள், ஆடும் காலம் முடிந்தால் என்ன என்று இன்றே யோசியுங்கள். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மையும் பாடமாக இருக்கிறது. மூன்றாவது, மேலே போனவரைத் தனியாக விடாதீர்கள். நம்மவர் ஒருவர் அதிகாரி ஆனதும் அவரைத் தெய்வமாக்குகிறோம், அல்லது துரோகி என்கிறோம். இரண்டும் வேண்டாம். அவர் செய்ததைக் கேளுங்கள், செய்ய முடியாததற்குக் காரணம் கேளுங்கள், அவருக்குத் தேவையான வெளி அழுத்தத்தைச் சங்கமாக நின்று கொடுங்கள்.

அடுத்த மாதம் ஊரில் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பு ஒரு கூட்டம் போடுவார்கள். ஆடப் போகிற பையன்களோடு சேர்ந்து நீங்களும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். விழாக்குழுவில் நம் பெயர் ஏன் இல்லை என்று கேளுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், ஆடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை நம் பையன்களிடம்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1964இல் போஸ்டனில் வேலை செய்தது அந்த உரிமைதான்.

ஜெய்பீம்.